சிபியு எங்கே செலவாகிறது? பரவல் சேமிப்பு மென்பொருளை அளப்பது பற்றி



தரவைச் சேமித்து வைப்பதும் கேட்டபோது எடுத்துக் கொடுப்பதும் வட்டின் வேலை, அதில் சிபியுவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். இருபது ஆண்டுகளுக்கு முன்பு அது நியாயமான கேள்விதான். சுழலும் வட்டில் ஓர் இடத்தைத் தேடிப் படிக்கப் பத்து மில்லிசெகண்டு வரை ஆகும். மூன்று கிகாஹெர்ட்ஸ் சிபியுவில் அந்த இடைவெளிக்குள் மூன்று கோடி சுழற்சிகள் ஓடி முடிந்துவிடும். மென்பொருளை எவ்வளவு ஊதாரித்தனமாக எழுதியிருந்தாலும் வட்டின் தாமதம் அதை மூடி மறைத்துவிடும். இன்றைய என்விஎம்இ வட்டு நூறு மைக்ரோசெகண்டுக்குள் பதில் சொல்லிவிடுகிறது. மூன்று கோடி சுழற்சி மூன்று லட்சமாகச் சுருங்கிவிட்டது. நெட்வொர்க்கில் வந்த செய்தியைப் பிரிப்பது, செக்சம் கணக்கிடுவது, நினைவகம் ஒதுக்குவது, பூட்டு எடுப்பது, மெட்டாடேட்டாவைத் தரவுத்தளத்தில் எழுதுவது, பிரதிகளை மற்ற சர்வர்களுக்கு அனுப்புவது எல்லாம் அதற்குள் நடந்தாக வேண்டும். சேமிப்புக் கிளஸ்டர் மெதுவாக இருக்கிறது என்றால் முதலில் வட்டைச் சந்தேகித்த காலம் போய்விட்டது. இப்போது சிபியுவையும் சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகித்தால் போதாது, அளக்க வேண்டும். எப்படி அளப்பது, அளப்பதற்கு முன்பே என்னென்ன ஏற்பாடுகள் இருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய என் உரை. எனக்கு இதில் உறுதியான ஒரு கருத்து உண்டு. அளக்கும் வசதி இல்லாமல் உற்பத்தித் தளத்துக்குப் போகிற சேமிப்பு மென்பொருள் இன்னும் கட்டி முடிக்கப்படாத மென்பொருள். அந்த வசதியைக் கம்பைல் செய்யும் நாளிலேயே சேர்த்துவிட வேண்டும். கோளாறு வந்த இரவில் சேர்க்க முயன்றால் பெரும்பாலும் முடியாது.

எடுத்துக்காட்டாக செஃப் என்ற திறந்தமூல மென்பொருளை வைத்துக்கொள்கிறேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் சேஜ் வைல் தன் முனைவர் பட்ட ஆய்வாகத் தொடங்கியது இது. 2006இல் ஓஎஸ்டிஐ மாநாட்டில் இதன் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. அவர் தொடங்கிய இங்க்டேங்க் நிறுவனத்தை 2014இல் ரெட்ஹேட் வாங்கியது. செஃப்பில் பொதுவாக ஒவ்வொரு வட்டுக்கும் ஓஎஸ்டி என்ற ஒரு டீமன் இருக்கும். ஒரு பொருளை எழுதச் சொன்னால் அது எந்த ஓஎஸ்டிகளுக்குப் போக வேண்டும் என்பதைக் கிரஷ் என்ற கணக்கீட்டு முறையே தீர்மானிக்கும். அதற்கென்று மையப் பதிவேடு கிடையாது. முதன்மை ஓஎஸ்டி எழுத்தை வாங்கி, பிரதி வைக்கும் ஓஎஸ்டிகளுக்கும் அனுப்பி, எல்லோரும் எழுதி முடித்த பிறகே 'ஆயிற்று' என்று பதில் சொல்லும். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

ஒரு நிரல் தன் நேரத்தை எங்கே செலவிடுகிறது என்பதை அதை எழுதியவராலேயே ஊகித்துச் சொல்ல முடியாது என்பது பழைய அனுபவம். டொனால்ட் நூத் 1971இல் ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். பொதுவாக ஒரு நிரலின் நான்கு விழுக்காட்டுக்கும் குறைவான பகுதிதான் ஓட்ட நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்று கண்டார். அந்த நான்கு விழுக்காடு எங்கே இருக்கிறது என்பதுதான் எப்போதும் கேள்வி. 1982இல் பெர்க்லியில் சூசன் கிரஹாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் கர்க் மெக்கூசிக் மூவரும் ஜிப்ரொஃப் கருவியை வெளியிட்டார்கள். ஒவ்வொரு ஃபங்ஷனின் வாசலிலும் கம்பைலர் ஓர் எண்ணும் நிரல்துண்டைச் செருகிவிடும். யார் யாரை எத்தனை முறை அழைத்தார்கள் என்ற கணக்கு அதில் கிடைக்கும். சிறிய நிரல்களுக்கு அது நல்ல வழி. ஆனால் நொடிக்குக் கோடிக்கணக்கான சிறிய அழைப்புகள் நடக்கும் ஓஎஸ்டியில், அந்த எண்ணும் வேலையே அளக்க வந்த வேலையைச் சிதைத்துவிடும்.

அதனால் மாதிரி எடுக்கும் முறைக்கு வந்தார்கள். நெல் மண்டியில் வியாபாரி மூட்டையை அவிழ்த்துக் கொட்டிப் பார்ப்பதில்லை. குத்தூசியைப் பல இடங்களில் செருகி, வந்த நெல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறார். சிபியுவையும் அப்படித்தான் நொடிக்கு நூறு முறை போல நிறுத்தி, 'இந்தக் கணத்தில் எந்த ஃபங்ஷனில் இருக்கிறாய், உன்னை அழைத்தது யார், அவரை அழைத்தது யார்' என்று கேட்டுக் குறித்துக்கொண்டு விட்டுவிடுகிறோம். முப்பது நொடி இப்படிச் செய்தால், முழு வேலையில் இருக்கும் ஒரு கோரிலிருந்து ஏறக்குறைய மூவாயிரம் மாதிரிகள் சேரும். அதில் முந்நூறு மாதிரிகளில் ஒரே ஃபங்ஷன் தென்பட்டால், பத்தில் ஒரு பங்கு நேரம் அங்கே போகிறது என்று நம்பிக்கையோடு சொல்லலாம். முப்பது மாதிரிகளில் தென்பட்டதை ஒரு விழுக்காடு என்று எடுத்துக்கொள்ளலாம், கொஞ்சம் முன்பின் இருக்கும் என்ற எச்சரிக்கையோடு. மூன்றே மாதிரிகளில் தென்பட்டதை வைத்து யாரும் வாதம் செய்யக் கூடாது.

1997இல் டிஜிட்டல் நிறுவனத்து ஆய்வாளர்கள் ஆல்ஃபா சிபியுக்களில் இதை இடைவிடாமல் ஓட்டிக் காட்டினார்கள். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று விழுக்காடு செலவில் முழு இயந்திரத்தையும், கெர்னல் உட்பட, நாள் முழுதும் அளக்கலாம் என்று நிறுவினார்கள். என் பார்வையில் இந்தத் துறையின் பெரிய திருப்பம் அதுதான். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜான் லெவன் எழுதிய ஓப்ரொஃபைல் அதன் வழியில் லினக்ஸுக்கு வந்தது. 2009இல் கெர்னல் 2.6.31 பதிப்போடு பெர்ஃப் என்ற மாதிரி எடுக்கும் கருவி வந்தது. செஃப்பின் ஆவணத்தில் நெடுங்காலம் ஓப்ரொஃபைல் வழிமுறைதான் எழுதியிருந்தது. 2021இல் கெர்னல் 5.12 பதிப்பில் ஓப்ரொஃபைலுக்கான பகுதியையே நீக்கிவிட்டார்கள். இன்று தொடங்குகிறவர் பெர்ஃப்பில் தொடங்கினால் போதும்.

இனி ஏற்பாடுகளுக்கு வருகிறேன். இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில் கம்பைல் செய்யும் விதம். ப்ரொஃபைல், அதாவது இத்தகைய மாதிரித் தொகுப்பு, எடுக்க வேண்டும் என்றதும் சிலர் டீபக் பில்டை எடுத்து ஓட்டுகிறார்கள். ஆப்டிமைசேஷனை அணைத்துக் கட்டிய பைனரியில் நேரம் செலவாகும் இடங்கள் வேறு, பயனர்களிடம் ஓடும் பைனரியில் செலவாகும் இடங்கள் வேறு. அந்த ப்ரொஃபைலை வைத்து எடுக்கும் முடிவு எதுவும் செல்லாது. 'ஹைஃபன் ஓ2' அப்படியே இருக்கட்டும். அதோடு 'ஹைஃபன் ஜி' சேருங்கள். அது சிம்பல் விவரங்களைக் கோப்பில் எழுதுமே தவிர ஓடும் வேகத்தைக் குறைக்காது. மூன்றாவதாக, ஃபிரேம் பாயின்டரை விட்டுவிடாதே என்று கம்பைலருக்குச் சொல்லும் அமைப்பு: 'எஃப்-நோ-ஆமிட்-ஃபிரேம்-பாயின்டர்'. செஃப்பின் பழைய ஆவணமும் இந்த மூன்றையும்தான் சேர்க்கச் சொன்னது.

இந்த ஃபிரேம் பாயின்டர் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைக்கும்போது ஸ்டாக்கில் அதற்கென்று ஒரு பகுதி உருவாகிறது. ஒவ்வொரு பகுதியும் தனக்கு முந்தைய பகுதி எங்கே இருக்கிறது என்ற முகவரியை வைத்திருந்தால், மாதிரி எடுக்கிறவர் அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மிக விரைவாக அடிவரை போய்விடலாம். அதற்கு ஒரு ரெஜிஸ்டரை ஒதுக்க வேண்டும். 32 பிட் காலத்து இன்டெல் சிபியுக்களில் பொதுப் பயன்பாட்டு ரெஜிஸ்டர்கள் எட்டுதான். எட்டில் ஒன்றை இழப்பது உண்மையான இழப்பு, அதனால் கம்பைலர்கள் ஃபிரேம் பாயின்டரைக் கைவிட்டன. 64 பிட்டில் ரெஜிஸ்டர்கள் பதினாறாகின. காரணம் தேய்ந்துபோன பிறகும் பழக்கம் மட்டும் தொடர்ந்தது. லினக்ஸ் விநியோகங்கள் இருபது ஆண்டுக்கு நெருக்கமாக ஃபிரேம் பாயின்டர் இல்லாமலே பேக்கேஜ்களைக் கட்டிவந்தன. அந்தப் பேக்கேஜ்களில் ப்ரொஃபைல் எடுத்தால் மாதிரியின் நுனி மட்டும் தெரியும், அழைத்தவர் யார் என்பது அறுந்துபோயிருக்கும். நீண்ட விவாதத்துக்குப் பிறகு 2023இல் ஃபெடோரா 38, 2024இல் உபுண்டு 24.04 இரண்டும் ஃபிரேம் பாயின்டரைத் திரும்பக் கொண்டுவந்தன. பெரும்பாலான நிரல்களில் இதற்கான செலவு ஓரிரு விழுக்காடு. அந்த ஓரிரு விழுக்காட்டை மறுத்தவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் பார்க்க முடிந்த காரணத்தால் மட்டுமே கண்டுபிடித்துத் திரும்பப் பெற்ற வேகம் அதைவிடப் பல மடங்கு பெரிது.

ஃபிரேம் பாயின்டர் இல்லாமலும் வழி உண்டு என்பார்கள். பெர்ஃப்பில் ட்வார்ஃப் முறை இருக்கிறது. ஒவ்வொரு மாதிரிக்கும் ஸ்டாக்கின் ஒரு பகுதியை அப்படியே நகலெடுத்து, பிறகு நிதானமாகப் பிரித்துப் பார்ப்பது. இயல்பான அளவு 8,192 பைட். 64 கோர்கள் முழு வேலையில் இருக்கும் சர்வரில் நொடிக்கு 99 மாதிரிகள் எடுத்தால் நொடிக்கு ஐம்பது மெகாபைட்டுக்கு மேல் சேரும். சேமிப்பு சர்வரில் அந்தத் தரவும் ஒரு வட்டில்தான் எழுதப்படுகிறது. கருவியே சுமையாகிவிடுகிறது. ஒரே ஒரு டீமனைச் சில நொடிகள் பார்க்க இது உதவும், அன்றாடத்துக்கு ஆகாது.

அது ஏன் 99, முழுதாக நூறு வைத்தால் என்ன என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நிரலுக்குள் பத்து மில்லிசெகண்டுக்கு ஒருமுறை நடக்கிற வேலைகள் இருக்கலாம். நூறு என்று வைத்தால் மாதிரி எடுக்கும் கணமும் அந்த வேலையும் ஒரே தாளத்தில் விழுந்து, அந்த வேலையே எப்போதும் நடப்பதுபோலவோ, நடக்கவே இல்லாததுபோலவோ காட்டிவிடும். ஒன்றைக் குறைத்துத் தாளத்தைக் கலைத்துவிடுகிறோம்.

சிம்பல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேக்கேஜின் அளவைக் குறைக்கச் சிம்பல்களை உரித்தெடுத்துவிடுவது வழக்கம். உரித்தெடுங்கள், ஆனால் உரித்ததை அதே பில்டின் அடையாள எண்ணோடு பத்திரப்படுத்துங்கள். அந்த எண் பொருந்தாத சிம்பல் கோப்பால் பயனில்லை. 2020இல் வந்த ஆக்டோபஸ் பதிப்பிலிருந்து செஃப்பை செஃப்ஏடிஎம் என்ற கருவியால் கன்டெய்னர்களில் நிறுவுகிறார்கள். பைனரியும் சிம்பல் கோப்பும் கன்டெய்னருக்குள் இருக்க, பெர்ஃப் வெளியே ஹோஸ்டில் ஓடினால், பல சமயம் ஃபங்ஷன் பெயர் வர வேண்டிய இடத்தில் பதினாறடிமான எண்கள்தான் வரும். கெர்னல் அமைப்புகளும் பாதுகாப்புக்காக பெர்ஃப்பைச் சாதாரணப் பயனருக்குப் பூட்டி வைத்திருக்கும். இவற்றையெல்லாம் வாடிக்கையாளர் தொலைபேசியில் காத்திருக்கும்போது சரிசெய்யக் கூடாது.

எடுத்த மாதிரிகளைப் படிப்பது அடுத்த கலை. 2011இல் பிரெண்டன் கிரெக் ஒரு மைஎஸ்க்யூஎல் சிக்கலை ஆராயும்போது ஃபிளேம் கிராஃபை உருவாக்கினார். கிடைமட்ட அகலம் மாதிரிகளின் எண்ணிக்கையைக் காட்டும், உயரம் அழைப்புச் சங்கிலியைக் காட்டும். இடமிருந்து வலம் நேரம் ஓடுவதாக நினைப்பவர்கள் உண்டு. அது அகரவரிசைதான், நேரம் அல்ல. ஓஎஸ்டியின் ஃபிளேம் கிராஃப் ஒன்றை மனத்தில் விரித்துப் பாருங்கள். அடியில் த்ரெட்களின் பெயர்கள். 'எம்எஸ்ஜிஆர்-வொர்க்கர்' என்ற தூணில் நெட்வொர்க் வேலை. 'டிபி_ஓஎஸ்டி_டிபி' என்ற தூணில் கோரிக்கையை நிறைவேற்றும் வேலை. 'பிஸ்டோர்_கேவி_சிங்க்' என்ற தூணில், ஓஎஸ்டிக்குள் வட்டைக் கையாளும் ப்ளூஸ்டோர் என்ற பகுதி தன் மெட்டாடேட்டாவை ராக்ஸ்டிபி என்ற தரவுத்தளத்தில் உறுதிப்படுத்தும் வேலை. த்ரெட்களுக்குப் பெயர் வைத்த அந்த நிரலாளருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். பெயர் இல்லையென்றால் எல்லாம் ஒரே புகைமூட்டம். அந்தத் தூண்களின் உச்சியில் அகலமாகத் தட்டையாக இருக்கும் மேடுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சிபியு அங்கேதான் நேரடியாகச் செலவாகிறது.

2014, 2015 ஆண்டுகளில் சான்டிஸ்க், இன்டெல் பொறியாளர்கள் வேகமான ஃபிளாஷ் வட்டுகளில் செஃப்பைச் சோதித்தபோது அந்த மேடுகளில் செஃப்பின் சொந்த ஃபங்ஷன்கள் முன்னால் நிற்கவில்லை. டிசிமல்லாக் என்ற நினைவக ஒதுக்கியின் ஃபங்ஷன்கள் நின்றன. த்ரெட்டுகளுக்கான மொத்தத் தற்காலிகக் கிடங்கு இயல்பாக 32 மெகாபைட்டாக இருந்தது. நூற்றுக்கணக்கான த்ரெட்டுகள் ஓடும் ஓஎஸ்டியில் அது போதவில்லை. நினைவகம் பொதுக் கிடங்குக்கும் த்ரெட் கிடங்குக்கும் இடையே ஓயாமல் போய்வந்துகொண்டிருந்தது. அளவை 128 மெகாபைட்டாக உயர்த்தியபோதும், ஜேஇமல்லாக் என்ற வேறு ஒதுக்கிக்கு மாறியபோதும் சிறிய அளவு எழுத்துகளின் வேகம் பெரிதும் கூடியது. டிசிமல்லாக் நூலகத்தின் பழைய பதிப்புகளில் இந்த அளவை மாற்றினாலும் பலிக்காத ஒரு பிழை இருந்ததும், 2.4 பதிப்பில் அது திருத்தப்பட்டதும் அப்போதுதான் பரவலாகத் தெரியவந்தது. செஃப்பின் மூலநிரலை மட்டும் ஆண்டுக்கணக்கில் படித்துக்கொண்டிருந்தாலும் இது கண்ணில் பட்டிருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு சர்வருக்கு. பரவல் அமைப்பில் அதற்கு முன்பே ஒரு கேள்வி வருகிறது. அறுநூறு ஓஎஸ்டிகள் ஓடுகின்றன, எதைப் பிடித்து அளப்பது? முன்பு நினைவில் வைக்கச் சொன்ன வாக்கியம் இங்கே வருகிறது. எல்லாப் பிரதிகளும் எழுதி முடித்த பிறகே பதில் போகும் என்பதால், அவற்றில் மெதுவானதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. தாமதமாகப் பதில் சொல்லும் முதன்மை ஓஎஸ்டியில் ப்ரொஃபைல் எடுத்தால், அது பெரும்பாலும் சும்மா காத்திருக்கும். காத்திருக்கிறவர் சிபியுவைச் செலவிடுவதில்லை, ஆகவே சிபியு ப்ரொஃபைலில் அவர் தெரியவே மாட்டார். படம் சுத்தமாக இருக்கும், சிக்கலும் அப்படியே இருக்கும். முதலில் ஓஎஸ்டிகளின் தாமதப் பட்டியலைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு டீமனும் தன் மெதுவான கோரிக்கைகள் எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் நின்றன என்று குறித்து வைத்திருக்கும். அதைக் கேட்டு வாங்க வேண்டும். அப்படிக் கண்டுபிடித்த மெதுவான ஓஎஸ்டியையும், நலமாக இருக்கும் ஒன்றையும் ஒரே நேரத்தில் அளந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தனி ஒரு ப்ரொஃபைல் எதையும் நிரூபிப்பதில்லை என்பது என் கட்சி. காத்திருப்பையும் சேர்த்துப் பார்க்க, ஓடினாலும் நின்றாலும் எல்லா த்ரெட்களையும் மாதிரி எடுக்கும் கடிகார நேர ப்ரொஃபைலர் வேண்டும். செஃப்பின் செயல்திறன் பொறியாளர் மார்க் நெல்சன் இதற்கென்றே கருவிகள் எழுதியிருக்கிறார்.

அவர் 2024 ஜனவரியில் வெளியிட்ட ஒரு பணிக்குறிப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த உரை நிறைவடையாது. ஒரு வாடிக்கையாளர் சுழலும் வட்டுகளிலிருந்து பத்து பெட்டாபைட் என்விஎம்இ கிளஸ்டருக்கு மாறினார். சர்வருக்கு 48 கோர் ஏஎம்டி சிபியு ஒன்று, வட்டுகள் பத்து. வன்பொருளில் குறை இல்லை. ஆனால் சோதனை எண்கள் எதிர்பார்த்ததற்குக் கீழே, ஒழுங்கில்லாமல் வந்தன. முதலில் சிபியுவின் தூக்க நிலைகளை அணைத்ததில் பத்து முதல் இருபது விழுக்காடு கிடைத்தது. அதோடு தீரவில்லை. பெர்ஃப் எடுத்துப் பார்த்தபோது, கெர்னலுக்குள் ஒரு ஸ்பின்லாக்குக்காக சிபியு பெருமளவு சுழன்றுகொண்டிருந்தது தெரிந்தது. அழைப்புச் சங்கிலியைப் பிடித்துக் கீழே போனால் ஐஓஎம்எம்யு வந்தது. வட்டு நேரடியாக நினைவகத்தில் எழுதும்போது எந்தப் பகுதியைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஏற்பாடு அது. கோரிக்கைகள் வேகமாக வரும்போது அதன் பட்டியலைப் புதுப்பிக்கப் பல கோர்களும் ஒரே பூட்டுக்கு அடித்துக்கொண்டன. அந்த இடத்தில் தேவைப்படாத அந்த ஏற்பாட்டைக் கெர்னலில் அணைத்தார்கள், எண்கள் எழுந்தன.

கவனியுங்கள். செஃப்பின் நிரலில் பிழை இல்லை, வட்டில் இல்லை, நெட்வொர்க்கில் இல்லை. கெர்னல் வரை நீளும் அழைப்புச் சங்கிலி அறுந்துபோயிருந்தால் 'ஸ்பின்லாக்' என்ற ஒரு சொல் மட்டுமே கையில் மிஞ்சியிருக்கும். அதை வைத்து யாரும் எங்கும் போயிருக்க முடியாது.

மூன்றாவது குறை கம்பைல் செய்யும் விதத்தில் இருந்தது. டெபியன், உபுண்டுவுக்கான செஃப் பேக்கேஜ்களில் ராக்ஸ்டிபி மட்டும் உரிய ஆப்டிமைசேஷன் இல்லாமல் கட்டப்பட்டுவந்தது. ஜென்டூ விநியோகத்தைச் சேர்ந்தவர்கள் அதை முன்பே கண்டிருந்தார்கள். சரியாகக் கட்டியதும் ராக்ஸ்டிபி தன் கோப்புகளைச் சுருக்கி அடுக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. நான்கு கிலோபைட் சீரற்ற எழுத்து ஏறக்குறைய இரு மடங்கானது. ஒரு மூலநிரல் வரியும் மாறவில்லை. இறுதியில் 63 சர்வர்கள், 630 ஓஎஸ்டிகள் கொண்ட அந்தக் கிளஸ்டர் நொடிக்கு 1,025 கிபிபைட் (GiB) படித்துக் கொடுத்தது.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களும் இளம் பொறியாளர்களும் நாளை பிறர் தரவைச் சுமக்கும் மென்பொருளைக் கட்டப்போகிறவர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பில்ட் கோப்பை இன்றே திறந்து, ஆப்டிமைசேஷன் உண்மையிலேயே எல்லாப் பகுதிகளுக்கும் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். நீங்கள் எழுதாத நூலகங்களையும் சேர்த்துப் பாருங்கள். ஃபிரேம் பாயின்டரோடு கட்டுங்கள். சிம்பல்களைப் பில்ட் எண்ணோடு சேமித்து வையுங்கள். கிளஸ்டர் நலமாக இருக்கும் ஒரு சாதாரண நாளில், முழுச் சுமையில், முப்பது நொடி ப்ரொஃபைல் ஒன்று எடுத்துத் தேதியிட்டு வையுங்கள். கோளாறு வரும் நாளில் ஒப்பிட அதைவிட நல்ல ஆவணம் உங்களுக்குக் கிடைக்காது.